விலை நிற்கிறது, எடை குறைகிறது

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொருளாதாரம் என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை வரவு செலவுத் திட்ட உரையும், ரிசர்வ் வங்கியின் அறிவிப்பும், சதவீதங்கள் நிறைந்த அட்டவணைகளும்தான். கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் 'பொருளாதார நிலைமை குறித்த அறிக்கை' என்று இருந்தால், பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் மெல்ல எழுந்து தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறார். அங்கே அவர் ஒரு தேநீரும் 5 ரூபாய் பிஸ்கெட் பொட்டலம் ஒன்றும் வாங்குகிறார். பொட்டலத்தைப் பிரித்தவுடன், "முன்பெல்லாம் இதில் இன்னும் நாலைந்து இருக்கும்" என்கிறார். அறிக்கைக்குத் தப்பி வந்த தோழர், அந்த அறிக்கையின் மையப் பொருளையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது அவருக்குத் தெரியவில்லை என்றால் குற்றம் அவருடையதன்று, அறிக்கை எழுதியவருடையது.

இன்றைய உரை அந்தப் பொட்டலத்தைப் பற்றியது. கூடவே ஒரு ஷாம்பு சாஷே, ஓர் அரிசி மூட்டை, ஒரு மரக்கால் ஆகியவையும் வருகின்றன. இவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், கடைசியில் தொழிலாளியின் ஊதியம் என்ன பொருள் என்பது விளங்கும்.

கடைத்தெருவில் தொடங்கும் அரசியல் பொருளாதாரம்

அன்றாடப் பொருளிலிருந்து பொருளாதாரத்தைத் தொடங்குவது மார்க்சிடம் இருந்து வரும் முறை. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதி சரக்கிலிருந்து தொடங்குகிறது. லினன் துணியும் மேல்சட்டையும் அதன் எடுத்துக்காட்டுகள். வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மார்க்ஸ் லண்டன் ரொட்டிக் கடைகளுக்குள் நுழைகிறார். ரொட்டியில் படிகாரம் முதலானவை கலக்கப்பட்டதையும், முழு விலைக்கு விற்பவர்கள், குறைத்து விற்பவர்கள் என ரொட்டிக்காரர்கள் இரு வகையாகப் பிரிந்திருந்ததையும் அரசு விசாரணை அறிக்கைகளிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். குறைந்த விலைக்கு விற்க முடிந்தது எப்படி? உண்பவரைக் கலப்படத்தால் ஏமாற்றியும், ரொட்டி சுடும் தொழிலாளியிடம் ஊதியமில்லா இரவு உழைப்பைப் பிழிந்தும்தான். ஒரு ரொட்டித் துண்டில் இரண்டு திருட்டுகள் இருந்தன. ஒன்று தின்பவருக்கு ஓரளவு தெரிந்தது. மற்றொன்று ரொட்டியைப் பார்ப்பதால் மட்டும் தெரியாது. அடுப்படிக்குப் போக வேண்டும்.

அன்றாடப் பொருள்களைக் கொண்டு பொருளாதாரம் பேசுவது இன்று முதலாளித்துவ இதழியலிலும் வழக்கமாகியிருக்கிறது. 'தி எகனாமிஸ்ட்' ஏடு 1986 முதல் பிக் மாக் என்னும் பர்கரின் விலையைக் கொண்டு நாடுகளின் நாணய மதிப்புகளை ஒப்பிட்டு வருகிறது. சுவையான முறைதான். ஆனால் அந்தக் குறியீடு நாணயத்தை நாணயத்தோடு ஒப்பிடுகிறது. பர்கரைச் சுட்டுக் கொடுப்பவர் அதை வாங்கி உண்ண எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று கேட்பதில்லை. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. விந்தையான காட்சியைக் கண்டு வியப்பதோடு நின்றால் அது பொழுதுபோக்கு. அந்தக் காட்சிக்குப் பின்னே யார் யாருக்கு என்ன கொடுத்து என்ன பெறுகிறார் என்று கேட்கும்போது அது அரசியல் பொருளாதாரம்.

5 ரூபாய்ப் பொட்டலம்

குளுக்கோஸ் பிஸ்கெட்டை எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் அது சிற்றுண்டி மட்டுமன்று. பலருக்கு ஒரு வேளை உணவு. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, புலம்பெயர் தொழிலாளர்கள் நெடுஞ்சாலைகளில் நடந்தே ஊர் திரும்பிய மாதங்களில், தன் எண்பதாண்டு வரலாற்றில் காணாத விற்பனையைக் கண்டதாகப் பார்லே நிறுவனம் தெரிவித்தது. அந்தச் செய்தி வணிகப் பக்கங்களில் வந்தது. வந்திருக்க வேண்டிய இடம் வேறு.

அந்த நிறுவனத்தின் பொட்டலம் 1990களில் 4 ரூபாய்க்கு 100 கிராமை ஒட்டி இருந்தது. கால் நூற்றாண்டுக் காலம் விலை அசையவில்லை. எடை மட்டும் சிறிது சிறிதாக இறங்கியது. விலை 5 ரூபாயானபோது எடை ஏறத்தாழ பாதியாகியிருந்தது. இதே கதைதான் சோப்பிலும், சிப்ஸிலும், சலவைத்தூளிலும். பிஸ்கெட்டை மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஏன் விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கிறார்கள்? முதற்காரணம், வாங்குபவரின் கையில் இருப்பது நாணயம். 5 ரூபாய், 10 ரூபாய், 20 ரூபாய் என்றுதான் பணம் கைமாறுகிறது. 25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட காசுகளும் 2011 ஜூன் இறுதியோடு செல்லாதவையாயின. 50 பைசா சட்டப்படி செல்லும், கடையில் செல்லாது. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுப்பது நாடு முழுவதும் உள்ள பழக்கம். ஆகவே 5 ரூபாய்ப் பொட்டலம் ஐந்தரை ரூபாயாக முடியாது. 6 ரூபாயானால் வாங்குபவர் பக்கத்து நிறுவனத்தின் பொட்டலத்தை எடுத்துவிடுவார். இரண்டாவது காரணம், கண் விலையைப் பார்க்கிறது, எடையைப் பார்ப்பதில்லை. விலை பெரிய எழுத்தில் இருக்கிறது; எடை மடிப்புக்கு அருகே சிறிய எழுத்தில் இருக்கிறது.

இதில் சட்டத்தின் பங்கும் உண்டு. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகளில், பிஸ்கெட், ரொட்டி, தேயிலை, சமையல் எண்ணெய் முதலிய பொருள்கள் இன்னின்ன எடைகளில்தான் விற்கப்பட வேண்டும் என்றோர் அட்டவணை இருந்தது. விலக்குகள் இருந்தன என்றாலும் அட்டவணை இருந்தது. 2021இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. அதற்கு மாற்றாக, ஒரு கிராமுக்கு என்ன விலை என்று அச்சிட வேண்டும் என விதித்தது. அந்த எண் இப்போது பொட்டலங்களில் இருக்கிறது. தோழர்கள் இன்று வீடு திரும்பும்போது ஒரு பொட்டலத்தை வாங்கி அதைத் தேடிப் பார்க்கட்டும். கண்டுபிடிக்க எடுத்துக்கொள்ளும் நேரமே ஒரு பாடம்.

வரி குறைந்தபோது என்ன நடந்தது என்பதையும் இதோடு பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கெட், ஷாம்பு, பற்பசை ஆகியவற்றின் மீதான சரக்கு சேவை வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 5 ரூபாய்ப் பொட்டலத்தை என்ன செய்வது? சில நிறுவனங்கள் 4 ரூபாய் சொச்சம் என்று விலை அச்சிட்டன. அந்தச் சொச்சத்தைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரரிடம் காசு இல்லை. வேறு நிறுவனங்கள் விலையைத் தொடாமல் எடையைக் கூட்டித் தருவதாகக் கூறின. கூட்டினார்களா, எவ்வளவு கூட்டினார்கள் என்று யார் பார்ப்பது? வரிக் குறைப்பின் பயனை மக்களுக்குத் தராமல் விழுங்கும் நிறுவனங்கள் மீது புகார் கொடுக்க 2017இல் ஓர் அமைப்பு உருவாக்கப்பட்டிருந்தது. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் புதிய புகார்களை ஏற்பதில்லை என்று ஒன்றிய அரசு முன்கூட்டியே அறிவித்துவிட்டது. வரி குறைந்தது செப்டம்பரில்; புகார்க் கதவு மூடியது ஏப்ரலில்.

சாஷேயும் 26 கிலோ மூட்டையும்

அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்கு ஷாம்பு சாஷே நல்ல எடுத்துக்காட்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சிறு உறைகளில் ஷாம்புவை விற்கத் தொடங்கியபோது, புட்டி வாங்க இயலாத உழைப்பாளிக்கும் அந்தப் பொருள் எட்டியது. 'சிறு பொட்டலத்தில் ஏழை எப்போதும் அதிக விலை கொடுக்கிறான்' என்று மேடையில் பேசுவது எளிது. ஆனால் ஒரே நிறுவனத்தின் சாஷேயையும் புட்டியையும் எடுத்து, மில்லிலிட்டருக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால், சாஷேயே மலிவாக இருப்பதைப் பல வேளைகளில் காணலாம். கோடிக்கணக்கானோர் வாங்கும் இடத்தில் நிறுவனங்கள் மோதிக்கொள்கின்றன. புட்டி வாங்குவோர் கணக்குப் பார்ப்பதில்லை. அறிந்த முழக்கத்தைப் பொருளின் மீது ஒட்டுவதற்கு முன், பொருளை எடுத்து எடை போட்டுப் பார்க்க வேண்டும். மார்க்சியம் கேட்பதும் அதைத்தான்.

ஏழை எங்கே அதிகம் கொடுக்கிறான் என்பதற்கு அரிசி மூட்டையைப் பார்க்க வேண்டும். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டு அடையாளச் சீட்டு ஒட்டிய அரிசி, கோதுமை மாவு, தயிர் போன்றவற்றின் மீது 5 சதவீத வரி விதிக்கப்பட்டது. அரிசிக்கு 25 கிலோ வரையான பொட்டலத்துக்கே இந்த வரி. சில நாட்களுக்குள் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் சந்தையில் ஒரு புதிய மூட்டை தோன்றியது: 26 கிலோ அரிசி மூட்டை. உலகில் வேறு எந்தக் காரணத்துக்காகவும் யாரும் 26 கிலோவில் மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள்.

அரிசி வணிகரின் சாமர்த்தியம் என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த மூட்டையைச் சற்றுச் சுற்றி வந்து பாருங்கள். 26 கிலோ அரிசிக்கு ஒரே தவணையில் பணம் கொடுக்கக் கூடியவர் வரி இல்லாமல் உண்கிறார். வாரக் கூலி வாங்கி 5 கிலோ பொட்டலம் வாங்குபவர் வரியோடு உண்கிறார். வருமான வரி செல்வருக்கு அதிகம், ஏழைக்கு இல்லை என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம் என்பார்கள். இங்கே அரிசி மீதான வரி தலைகீழாக நிற்கிறது. மறைமுக வரி ஏழையை அழுத்துகிறது என்று கட்சி பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறது. அதை ஒரே பொருளால் மெய்ப்பிக்க முடியுமா என்று கேட்பவர்க்குக் காட்ட அந்த ஒரு கிலோ போதும்.

கள்ள மரக்கால்

எண்ணை மாற்றாமல் பொருளைக் குறைப்பது கம்பெனிகள் கண்டுபிடித்த தந்திரமன்று. தமிழ் உழைப்பாளிகள் அதை முன்பே அறிந்தவர்கள். பழைய தஞ்சை மாவட்டத்தில் பண்ணையாளுக்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது. கூலி இத்தனை மரக்கால் என்று பேச்சு. ஆனால் நெல்லைக் கொள்ளும்போது ஒரு மரக்கால், கூலி அளக்கும்போது அதனினும் சிறிய மரக்கால் என்றிருந்தது. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது, பாத்திரத்தில்தான் குறை. 1940களில் பி. சீனிவாசராவ் முன்னின்று கட்டிய கீழத்தஞ்சை விவசாயிகள் இயக்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்ததோடு, அரசு முத்திரையிட்ட மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைத்தது.

அந்தக் கோரிக்கையின் ஆழத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். 'கூலியை உயர்த்து' என்பது ஒரு கோரிக்கை. 'அளவையைச் சரி செய்' என்பது வேறொரு கோரிக்கை. இரண்டாவது இல்லாமல் முதலாவது வென்றாலும் வெற்றி நிலைக்காது. கூலி ஒரு மரக்கால் கூடும், மரக்கால் சிறுத்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று பண்ணையார்கள் எண்ணிய மக்கள், பண ஊதியம் வேறு, மெய் ஊதியம் வேறு என்னும் வேறுபாட்டைக் களத்து மேட்டிலேயே கண்டறிந்து அதற்காகப் போராடினார்கள்.

ஊதியம் என்னும் பொட்டலம்

இப்போது பிஸ்கெட்டை வைத்துவிட்டு, நாட்டின் உழைக்கும் மக்களுக்கு அரசு தரும் பொட்டலங்களைப் பார்க்கலாம்.

பள்ளிகளில் மதிய உணவு சமைக்கும் பெண்களுக்கு ஒன்றிய அரசின் திட்டப்படி மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியம் என்று 2009இல் முடிவாயிற்று. அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்கு. 2021இல் அந்தத் திட்டத்துக்குப் 'பி.எம். போஷண்' என்று புதுப் பெயர் சூட்டப்பட்டது. உறை மாறியது, உள்ளே அதே 1,000 ரூபாய். சில மாநிலங்கள் தம் நிதியிலிருந்து கூடுதலாகத் தருகின்றன என்பது வேறு. ஒன்றிய அரசு நிர்ணயித்த எண் அசையவில்லை.

ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 செப்டம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். இன்றும் அதுவே. 60 முதல் 79 வயது வரையுள்ள ஏழை முதியோர்க்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். 2007இல் இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் தொடங்கியபோது இருந்த தொகை அது. அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசின் மதிப்பூதியம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250 ரூபாய். கடைசியாக உயர்ந்தது 2018 அக்டோபரில்.

தேசியக் குறைந்தபட்ச அடிப்படைக் கூலி 2017இல் நாளொன்றுக்கு 176 ரூபாய். 2019இல் அது 178 ரூபாயாக 'உயர்த்தப்பட்டது'. உயர்வு இரண்டு ரூபாய். அதாவது இரண்டு ஷாம்பு சாஷே. அதே 2019இல் அரசே அமைத்த அனூப் சத்பதி தலைமையிலான நிபுணர் குழு, உணவுத் தேவையைக் கணக்கிட்டு, நாளொன்றுக்கு 375 ரூபாய் என்று பரிந்துரைத்திருந்தது.

இவை அனைத்தும் 5 ரூபாய்ப் பொட்டலங்கள். மேலே அச்சிட்ட எண் அதே. உள்ளே இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. எவ்வளவு குறைந்தது என்பதை மதிப்பிடக் கடினமான கணக்கு எதுவும் வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டை 100 எனக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண், 2014 செப்டம்பரில் 120 என்ற அளவில் இருந்தது. 2025இல் அது 190ஐத் தாண்டிவிட்டது. 2014இல் 120 ரூபாய்க்கு வாங்கியதை வாங்க 2025இல் 190 ரூபாய்க்கு மேல் வேண்டும். எனவே 2014இல் தரப்பட்ட 1,000 ரூபாய் ஓய்வூதியம் 2025இல் ஏறத்தாழ 600 ரூபாயின் வேலையைத்தான் செய்தது. யாரும் ஆணை பிறப்பித்து 400 ரூபாயை வெட்டவில்லை. வெட்டியிருந்தால் தெருவில் ஆர்ப்பாட்டம் நடந்திருக்கும். ஒன்றும் செய்யாமல் இருந்ததாலேயே வெட்டு நடந்து முடிந்தது. இதுதான் இதன் ஆபத்து. நடக்கும் செயலை எதிர்த்து மக்களைத் திரட்டலாம். நடக்காத செயலை எதிர்த்துத் திரட்ட, முதலில் அதைக் கண்ணுக்குக் காட்ட வேண்டும்.

அகவிலைப்படி என்னும் பஞ்சப்படியின் அருமை இங்கே புரிகிறது. விலைக் குறியீட்டெண் ஏறினால் ஊதியமும் ஏறும் என்னும் ஏற்பாடு, முத்திரை மரக்காலின் இன்றைய வடிவம். அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களும் அரசு ஊழியர்களும் நெடுங்காலம் போராடிப் பெற்றது அது. மதிய உணவு சமைக்கும் பெண்ணுக்கு அந்த மரக்கால் இல்லை. காரணம், அவர் 'தொழிலாளி' அல்லர், 'மதிப்பூதியம்' பெறும் தொண்டர் என்று ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தும் அது நடைமுறைக்கு வரவில்லை. மதிப்பூதியம் என்பது மரியாதையான சொல்தான். ஆனால் அந்தச் சொல் 'ஊதியம்' என்ற சொல்லின் உள்ளே இருந்த உரிமைகளை எடுத்துவிட்டு 'மதிப்பு' என்று முன்னொட்டு மட்டும் சேர்த்திருக்கிறது. சொல்லிலும் எடைக்குறைப்பு உண்டு.

ஒரே ஒரு சரக்கில் மட்டும்

இதுவரை கேட்ட தோழர் ஒருவர் நியாயமாகவே ஒன்று கேட்கலாம்: "மூலப்பொருள் விலை ஏறினால் பிஸ்கெட் கம்பெனி எடையைக் குறைக்கிறது. அதுவும் ஒரு விற்பனையாளர்தானே? தன்னைக் காத்துக்கொள்கிறது. அதில் தவறென்ன?" 

நல்ல கேள்வி. தொழிலாளியும் ஒரு விற்பனையாளர்தான். அவர் விற்கும் சரக்கு உழைப்புச் சக்தி. அந்தச் சரக்கை நாள்தோறும் மீண்டும் உருவாக்க அரிசியும், எண்ணெயும், வாடகையும், பிள்ளைகளின் படிப்பும் வேண்டும். அவற்றின் விலை ஏறுகிறது. கோதுமையும் சர்க்கரையும் ஏறினால் கம்பெனி பொட்டலத்தில் நான்கு பிஸ்கெட்டைக் குறைக்கிறது. அரிசியும் வாடகையும் ஏறினால் தொழிலாளி, "அதே கூலி, ஆனால் எட்டு மணிக்குப் பதிலாக ஐந்து மணி நேரம்தான் வேலை" என்று சொல்ல முடியுமா? சொன்னால் மறுநாள் வாயிலில் நிற்க வேண்டியதுதான். எல்லாச் சரக்குகளிலும் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பவர் விற்பவர். உழைப்புச் சக்தி என்னும் சரக்கில் மட்டும் உள்ளடக்கத்தைத் தீர்மானிப்பவர் வாங்குபவர்.

ஆகவே இந்த ஒரே பொட்டலத்தில் விந்தை தலைகீழாக நடக்கிறது. பிஸ்கெட்டில் விலை நிற்கிறது, எடை குறைகிறது. உழைப்பில் விலை நிற்கிறது, எடை கூடுகிறது. அங்கன்வாடி ஊழியரை மீண்டும் நினைத்துப் பாருங்கள். மதிப்பூதியம் 2018இல் நின்றுவிட்டது. 2021இல் 'போஷண் டிராக்கர்' செயலி வந்தது; குழந்தையின் எடை, உயரம், வருகை எல்லாம் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். பின்னர் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துமாவுக்குப் பயனாளியின் முகத்தைப் படமெடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்றும் வந்தது. குழந்தையின் எடையைக் கிராம் கணக்கில் பதிவு செய்யும் அரசு, அதைப் பதிவு செய்பவரின் ஊதியம் எவ்வளவு எடை இழந்தது என்று பார்ப்பதில்லை.

வேலை நேரமும் இதே பக்கமே நகர்த்தப்படுகிறது. கர்நாடகம் 2023இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திலும் அத்தகைய திருத்தம் நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் இடதுசாரிக் கட்சிகளும் ஒன்றுபட்டு எதிர்த்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தனித் தொழிலாளியால் தன் பொட்டலத்தின் எடையைத் தீர்மானிக்க இயலாது. சேர்ந்து நின்ற தொழிலாளர்களால் இயன்றது. சங்கம் என்பது என்ன என்று கேட்பவருக்கு இதைவிடச் சுருக்கமான விடை கிடைப்பது அரிது.

கையில் எடுக்க வேண்டியவை

இந்த உரை ஒரு விந்தைக் கதையாக முடிந்துவிடக் கூடாது. கிளைகளில் செய்யத்தக்க மூன்று செயல்கள் உண்டு.

ஒன்று, கிளையில் ஒரு குறிப்பேடு வைக்க வேண்டும். தோழர்கள் தம் வீட்டில் வழக்கமாக வாங்கும் ஐந்து பொருள்களின் பெயர், விலை, எடை, கிராமுக்கு விலை ஆகியவற்றை ஆண்டுக்கு இருமுறை எழுத வேண்டும். பழைய உறை ஒன்றைக் குறிப்பேட்டில் ஒட்டி வைப்பது இன்னும் நல்லது. வாயிற்கூட்டத்தில் இரண்டு உறைகளை உயர்த்திக் காட்டினால், அரைமணி நேரப் பேச்சு செய்யாததை அது செய்யும். கணக்கைச் சரியாகப் போட வேண்டும். சாஷேயில் கண்டதுபோல் எதிர்பாராத விடை வந்தால் அதையும் எழுத வேண்டும்; தவறான கணக்கை மக்கள் ஒருமுறை கண்டுபிடித்தால் சரியான கணக்கையும் நம்ப மாட்டார்கள்.

இரண்டு, அதே ஏட்டின் எதிர்ப்பக்கத்தில், கிளையின் எல்லைக்குள் வாழும் திட்டப் பணியாளர், ஓய்வூதியர், ஒப்பந்தத் தொழிலாளி ஆகியோரின் தொகையை எழுத வேண்டும். தொகை எவ்வளவு, எந்த ஆண்டில் கடைசியாக உயர்ந்தது, அதன்பின் என்னென்ன வேலை சேர்ந்தது என்று மூன்று கட்டங்கள். மூன்றாவது கட்டத்தை நிரப்ப அவர்களிடமே போய்க் கேட்க வேண்டும். அந்தப் பேச்சில்தான் அமைப்பு தொடங்குகிறது. 'பொருளாதாரம் புரியவில்லை' என்று சொல்லும் பெண், எந்த மாதத்தில் எந்தப் பதிவேடு கூடியது என்பதைத் தேதியோடு சொல்வார்.

மூன்று, கோரிக்கையின் வடிவம் மாற வேண்டும். 'ஆயிரத்தை மூவாயிரமாக்கு' என்பது தேவையான கோரிக்கை. ஆனால் அத்தோடு நின்றால், மூவாயிரமும் இன்னொரு பதினைந்து ஆண்டு அப்படியே நிற்கும். 'உயர்த்து, உயர்த்தியதை விலைக் குறியீட்டெண்ணோடு பிணை' என்பதே முழுமையான கோரிக்கை. மதிய உணவுப் பணியாளருக்கும், அங்கன்வாடி ஊழியருக்கும், ஊழியர் ஓய்வூதியம் பெறும் முதியவருக்கும் பஞ்சப்படி வேண்டும். கீழத்தஞ்சைப் பண்ணையாட்கள் கேட்ட இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: கூலியும் வேண்டும், முத்திரையிட்ட மரக்காலும் வேண்டும்.

தேநீர்க் கடையில் நிற்கும் தோழரிடம் இனித் திரும்பிப் போகலாம். அவர் பொட்டலத்தில் எஞ்சிய பிஸ்கெட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். அவரைக் கூட்டத்துக்குத் திரும்ப அழைத்து வருவது கடினமன்று. அறிக்கையை அங்கிருந்தே தொடங்கினால் போதும். "முன்பெல்லாம் இதில் இன்னும் நாலைந்து இருக்கும்" என்றாரே, அந்த வாக்கியத்தை அடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "உங்கள் சம்பளத்தில்?"